வன்னிக்குப் போனால் எதைப் பார்த்து வருவது?

கோத்தகிரிப் பக்கம் எங்களை இன்னும் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, மேட்டுப்பாளையம் வழியாக இந்த மலைக்கு வந்தவர் என் அப்பா. அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, புகுந்த வீட்டாரோடு அங்கேயே தங்கிவிட்டார். 1977 கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள், அங்கிருந்து கிளிநொச்சிக்கு. இரண்டும் இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதி. கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த குடும்பம் காடு வெட்டி நெல் போட்டது. 2009ல் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தார்கள்.

நான் முதலில் போனது 2012ல். அதன்பின் வசதிப்பட்டபோதெல்லாம் போய் வருகிறேன். திரும்பி வந்ததும் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் ஒரே கேள்வி: “அங்க இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?” கேட்பவர்களில் பலர் பதிலையும் கையோடு வைத்திருப்பார்கள். செல்போனில் யாழ்ப்பாணத்து ரயிலையும் கடைத்தெரு வெளிச்சத்தையும் பார்த்தவர், “நம்ம ஊரை விட நல்லாத்தானே இருக்கு” என்பார். பக்கத்தில் இருப்பவர், “ஒண்ணும் மாறல, எல்லாம் ஏமாத்து” என்பார். போய் வந்த எனக்கே ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. ஆனால் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது, எதை அப்படியே நம்பாமல் இருப்பது என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நம் பக்கத்திலிருந்து உறவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

கண்ணில் முதலில் படுவது சாலை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9, சண்டை நடந்த காலத்தில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. இப்போது வழவழவென்று இருக்கிறது. 1990ல் நின்றுபோன வடக்கு ரயில் பாதையை இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் போனது. இதையெல்லாம் வெறும் பகட்டு என்று தள்ளுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அத்தைக்கு யாழ்ப்பாணத்தில் கண் ஆபரேஷன் நடந்தபோது காலையில் ரயிலேறிப் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி நாள் முழுக்கப் பயணம் செய்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சரி, ரயில் வந்துவிட்டது. அதில் ஏறி எங்கே வேலைக்குப் போவது? அதே ஏ9 சாலையில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாடு நிற்கிறது. ஒரு காலத்தில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். வடக்கே காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை 1990ல் நின்றது. புதிய பாதையும் பழைய ஆலையின் எலும்புக்கூடும் ஒரே பயணத்தில் கண்ணில் படும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறப்பு விழாவில் நிறுத்திக்கொண்டால் பாதிதான் பார்த்ததாகும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன். யாராவது வளர்ச்சி என்று சொன்னால், எந்த ஆண்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். போர் முடிந்த அடுத்தடுத்த ஆண்டுகளில் வட மாகாணத்தின் வளர்ச்சி விகிதம் நாட்டிலேயே அதிகம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அது பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் 2009ல் அங்கே வயலும் இல்லை, கடையும் இல்லை, கூரையும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் எது முளைத்தாலும் பெரிய சதவீதமாகத்தான் தெரியும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியை நம் ஊரில் யாரும் முதல் துளிரை வைத்து எடை போடுவதில்லை. அந்தப் பச்சை வேரில் சேர்த்து வைத்த சத்திலிருந்து வருவது, மண்ணும் உரமும் போதுமா என்பது போகப் போகத்தான் தெரியும். போருக்குப் பிந்தைய முதல் சில ஆண்டு எண்களையும் அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே அரசாங்கமே நடத்தும் குடும்ப வருமான, செலவுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2012/13ல் கிளிநொச்சி மாவட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 12.7 சதவீதம். 2016ல் அது 18.2. நாடு முழுக்கப் பார்த்தால் அதே காலத்தில் 6.7லிருந்து 4.1 ஆகக் குறைந்திருந்தது. ரயில் வந்த, சாலை முடிந்த, வீடுகள் எழும்பிய ஆண்டுகள் இவை. அதே ஆண்டுகளில்தான் கிளிநொச்சியில் வறுமை ஏறியிருக்கிறது. முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தையின் மூத்த மகனான மச்சானிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. “ரோட்டு வேலை இருந்தப்ப கூலி இருந்துச்சு. ரோடு முடிஞ்சுது, கூலியும் முடிஞ்சுது” என்றார்.

ஆனால் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசவும் கூடாது. பக்கத்து முல்லைத்தீவு அதே கணக்கெடுப்பில் 28.8லிருந்து 12.7 ஆக இறங்கியது. மன்னார் 20.1லிருந்து 1.0. நாலு ஆண்டுக்குள் மன்னாரில் வறுமை கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது என்று அங்கே மீன்பிடிக்கிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சின்ன மாவட்டங்களில் எண்கள் இப்படித் தாவும். அதனால் ஒரு மாவட்டம், ஓர் ஆண்டு, ஒரு எண் என்று யார் எடுத்து நீட்டினாலும், முந்தையதும் பிந்தையதும் பக்கத்து மாவட்டமும் எங்கே என்று கேளுங்கள். அது நல்ல செய்தியாக இருந்தாலும் கேளுங்கள், கெட்ட செய்தியாக இருந்தாலும் கேளுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2010ல் இந்தியா 50,000 வீடுகள் அறிவித்தது. அதில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 மலையகத் தோட்டங்களுக்கும். வடக்கில் ஒரு வீட்டுக்கு இலங்கைக் காசில் 5,50,000 ரூபாய். பணம் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே விழும், மேசன் பிடிப்பது முதல் மணல் வாங்குவது வரை குடும்பத்தின் பொறுப்பு. கான்ட்ராக்டர் நடுவில் வராத இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன். அத்தையின் இளைய மகனுக்கு அந்த வீடு கிடைத்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பியதால் மணல், கல், கூலி எல்லாம் ஏறிவிட்டது. கூரை போடும்போது பணம் தீர்ந்துபோனது. மிச்சத்துக்கு அவன் மனைவியின் நகை அடகுக்குப் போனது. அதை மீட்க, கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று வசூலிக்கும் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கடன். அதைக் கட்ட இன்னொரு கடன். அந்தக் குடும்பம் மட்டும் அல்ல, வறட்சி சேர்ந்துகொண்ட ஆண்டுகளில் பெண்கள் இப்படி ஏராளமாக மாட்டிக்கொண்டு, கடைசியில் 2018ல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

கணக்கில் அது முடிந்த வீடு. பயனாளிப் பட்டியலில் டிக் விழுந்த வீடு. போனால் நாமும் வாசலில் நின்று படம் எடுத்து அனுப்புவோம். நான் இப்போது வீட்டைப் புகழ்ந்துவிட்டு, “கூரை யார் காசுல போட்டீங்க?” என்று கேட்கிறேன். அதுவும் அடுப்படியில், பெண்களிடம். ஆண்கள் முன்னால் கேட்டால் “எல்லாம் சமாளிச்சாச்சு” என்ற பதில்தான் வரும். இளையவன் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. முதல் தடவை அவளும் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினாள். அடுத்த பயணத்தில்தான் “அண்ணே, வீடு நல்ல வீடுதான், ராத்திரி தூக்கம்தான் வரல” என்றாள். ஒரே தடவை போய்விட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பதில் கிடைக்காது. அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இளையவனுக்கு வீடு கிடைத்தது சரி, அத்தையும் மூத்த மச்சானும் இருக்கும் வீட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர்கள் நிலத்துக்குப் பத்திரம் இல்லை. இளையவன் வீடு கட்டியது மனைவிக்குச் சீதனமாக வந்த காணியில், அதற்கு உத்தரவுப் பத்திரம், அதாவது அரசு நிலத்தில் இருக்க அரசாங்கம் தரும் அனுமதிப் பத்திரம், இருந்தது. மலையகத்திலிருந்து போனவர்கள் குடியேறிய மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் பல குடும்பங்களின் கதை இதுதான். காடாகக் கிடந்ததை வெட்டி, கிணறு தோண்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். நிலம் இன்னும் யாருடையதோ, அல்லது அரசாங்கத்துடையது. போரில் எல்லோருடைய வீடும் ஒரே மாதிரிதான் இடிந்தது. கட்டித் தரும் நேரத்தில் காகிதம் வைத்திருந்தவர் முன்னால் நின்றார். புனரமைப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: வரிசையில் கடைசியில் நிற்கிற குடும்பத்தின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். முன்னால் நிற்பவர்களை வைத்துச் சராசரி போட்டால் எல்லாம் அழகாகவே தெரியும்.

இது எனக்குச் சட்டென்று உறைத்ததற்குக் காரணம், நாங்கள் இங்கே அனுபவித்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு 1968ல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது, 1976ல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது, அதை மறக்கக்கூடாது. அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு தனியார் தோட்டத்தில். வேலையோடு லைன் வீடு. குடும்ப அட்டையில் முத்திரை குத்திய அன்றே நாங்கள் மறுவாழ்வு பெற்றவர்கள் என்று ஃபைல் மூடியாகிவிட்டது. ஆனால் வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு. அப்பா ஓய்வு பெற்றபோது, வாழ்நாள் முழுக்கக் கொழுந்து நிறுத்த மனிதர் வாடகை வீடு தேடி அலைந்தார். எங்களை 1975ல் யாராவது வந்து பார்த்திருந்தால் வெற்றி என்று எழுதியிருப்பார்கள். 1995ல் வந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். பட்டா இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

நிலத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. காகிதம் இருந்தும் காணிக்குள் கால் வைக்க முடியாதவர்கள். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் 1990ல் வெளியேற்றப்பட்டார்கள். அங்கேயுள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. முல்லைத்தீவில் கேப்பாப்பிலவு மக்கள் இராணுவத்திடம் இருக்கும் தங்கள் காணியைக் கேட்டு அதே 2017ல் மாதக்கணக்கில் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். 27 வருஷம் கழித்துத் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்ததை முன்னேற்றம் என்பதா, 27 வருஷம் வைத்திருந்ததைச் சொல்வதா? இரண்டையும் சொல்ல வேண்டும். மீனவரிடம் கேட்டால், படகு வாங்கக் காசு எங்கே என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்.

நான் பார்த்ததில் மிகவும் நேர்மையாக அளக்கப்படும் வேலை கண்ணிவெடி அகற்றுவது. முகமாலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் தெரியும். முகக் கவசம் போட்டுக்கொண்டு முழங்காலிட்டு, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நகர்வார்கள். அவர்களில் நிறையப் பெண்கள், அதிலும் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். இத்தனை சதுர மீட்டர் முடிந்தது, இத்தனை பாக்கி, அவ்வளவுதான் கணக்கு. அதில் வார்த்தை ஜாலத்துக்கு இடமில்லை. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028க்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. இளையவன் மனைவியின் அக்கா அந்த வேலையில் இருக்கிறாள். மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் வேலை. வேலை முடிய வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறாள், முடிந்தபின் என்ன செய்வது என்றும் கவலைப்படுகிறாள். ரோட்டுக் கூலியைப் பற்றி மச்சான் சொன்னது இங்கேயும் நடக்கக்கூடும். முடிகிற வேலைக்கு அடுத்து என்ன என்று யோசிக்காத திட்டத்தை நான் பாதித் திட்டம் என்றே சொல்வேன்.

சில விஷயங்களைச் சாலையோடும் வீட்டோடும் கூட்டிக் கழித்துக் கணக்கு முடிக்கவே முடியாது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அலுவலகம் ஒன்று 2016ல் சட்டமாகி 2018ல் இயங்கத் தொடங்கியது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர்களில் சிலர் பதில் தெரியாமலே இறந்தும் போனார்கள். அந்தப் பந்தலில் ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு வீடு கிடைத்திருந்தது, நல்ல கிணறும் இருந்தது. “எல்லாம் குடுத்தாங்க தம்பி, பிள்ளையைத்தான் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றார். எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டாலும் அவருக்குச் சேர வேண்டிய பதில் அதில் கழியாது. அதைத் தனிக் கணக்காகவே வைத்திருக்க வேண்டும். போகிறவர்கள் அவர்களைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது என் எண்ணம். படம் எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள்.

கட்டியதெல்லாம் தாங்குமா என்பது நெருக்கடி வரும்போதுதான் தெரிகிறது. 2021ல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள், சில மாதத்தில் திரும்பப் பெற்றாலும் அந்தப் பெரும்போகம், அதாவது மழைக்கால நெல் சாகுபடி, போனது போனதுதான். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முந்தைய மாதமே வடக்கிலிருந்து குடும்பங்கள் படகில் தனுஷ்கோடி மணல் திட்டுக்கு வந்து இறங்கின. போர் முடிந்து 13 ஆண்டு கழித்துக் கைக்குழந்தையோடு கடலில் இறங்குகிறார்கள் என்றால், அதுவரை நடந்த புனரமைப்பில் எது ஆட்டம் கண்டது என்று எல்லோரும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில், லீசிங்கில் டிராக்டர் எடுத்த இளையவன்தான் முதலில் விழுந்தான். பத்திரமில்லாத நிலத்தில் இருந்த மூத்தவர் வீடு எப்படியோ நின்றது. முகாமிலிருந்து வந்த கையோடு அத்தை பிடிவாதமாக வைத்த தென்னைகள் அதற்குள் காய்க்கத் தொடங்கியிருந்தன, கிணற்றில் தண்ணீர் இருந்தது. தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அவ்வளவு காலம் இங்கேதான் இருப்போம் என்ற நம்பிக்கை இல்லாதவர் தென்னை வைக்க மாட்டார். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் வளவுக்குள் என்ன மரம், என்ன வயது என்று பார்க்கிறேன். வாயால் சொல்லாதது அதில் தெரியும்.

போக வசதியில்லாதவர்கள் போனிலேயே செய்யலாம். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தை வீட்டுக்கு அதே கேள்விகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடகில் இப்போது என்ன இருக்கிறது, சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) இரணைமடுக் குளத்துத் தண்ணீர் உங்கள் வயலுக்கு வந்ததா, நெல் என்ன விலைக்குப் போனது, பிள்ளைகள் யார் யார் பள்ளிக்கூடம் போகிறார்கள், கடைசி பஸ்ஸில் பொம்பளைப் பிள்ளை தனியாக வருமா, பத்திரம் என்ன ஆனது. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “இருக்கோம்” என்பார்கள். விலையும் பஸ்ஸும் கேட்டால் சரியான பதில் வரும். கேள்வியை மாற்றாமல் வைத்திருந்தால்தான் போன வருஷத்தோடு ஒப்பிட முடியும். கடன் விஷயத்தை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதீர்கள்.

2024ல் உறுமய என்று ஒரு திட்டம் வந்தது, உத்தரவுப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு முழு உரிமை தருவதாக. இளையவன் விண்ணப்பித்தான். மூத்தவருக்கு மாற்றிக் கொடுக்கப் பத்திரமே இல்லையே, அதனால் முதலில் உத்தரவுப் பத்திரத்துக்கே அலைகிறார். எப்போதிலிருந்து அங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், இருந்ததெல்லாம் போரில் போய்விட்டது. அப்பாவின் இரும்புப் பெட்டியைத் துழாவினேன். 1980களில் அத்தை எழுதிய கடிதங்கள் உறையோடு இருந்தன. பின்பக்கம் அத்தையின் கையெழுத்தில் கிளிநொச்சி விலாசம், முன்னால் தேதி தெரியும் தபால் முத்திரை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, அசலை நல்ல கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அது செல்லுமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுச் சொல்வதாக மச்சான் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த பழைய கடிதங்கள் இருந்தால், உறையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.